காவல் புலியும் கரிவாங் மலையும்

‘பொம்மையிலும் போயி அதிகாரத்தைத் தேடணுமா?’ என்று கேட்டார் நண்பர் ஒருவர். தேடத்தான் வேண்டும். பொம்மை என்பதாலேயே யாரும் அதைப் பிரதியாக வாசிப்பதில்லை.

குளிர்கால ஒலிம்பிக்கின் விலங்குச் சின்னங்களைக் குலக்குறி மரபின் தொடர்ச்சி என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. குலக்குறி விலங்கைச் சுற்றிப் பெரும்பாலும் ஒரு விலக்கு இருக்கும்: கொல்லாதே, தின்னாதே. சின்னத்துக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. விலங்கு செத்துப் போயிருந்தாலும் சரிதான். சொல்லப்போனால் அதுதான் வசதி.

2018 பியோங்சாங் போட்டியின் சின்னம் சூஹோராங் என்னும் வெள்ளைப் புலி. ‘சூஹோ’ என்றால் காவல். ‘ராங்’ என்பது புலியைக் குறிக்கும் ‘ஹொராங்கி’யிலிருந்து வந்தது, போட்டி நடந்த வட்டாரங்களில் ஒன்றான ஜோங்சனின் நாட்டுப்பாடல் ‘ஜோங்சன் அரிராங்’கின் கடைசி அசையும் அதுவே என்று விளக்கம் தந்தார்கள். கொரியக் கோயில் ஓவியங்களில் மலைத்தெய்வத்தின் பக்கத்தில் புலி இருக்கும். தென்கொரியக் காடுகளிலோ இன்று புலி இல்லை. ஜப்பானியக் காலனியாட்சி (1910-45) ‘தீங்கு செய்யும் விலங்குகளை ஒழித்தல்’ என்று திட்டம் போட்டே வேட்டையாடியது. காலனியத்திடம் பறிகொடுத்ததைத் தேசம் பொம்மையாக மீட்டுக்கொள்கிறது. இதில் ஒரு வலி உண்டு. அதை நான் கேலி செய்யமாட்டேன்.

என் சிக்கல் ‘காவல்’ என்ற சொல்லோடு. அதே ஜோங்சனில்தான் கரிவாங் மலை. சட்டத்தால் காக்கப்பட்ட காடு. டவுன்ஹில் பனிச்சறுக்குப் பாதைக்காக ஒரு பகுதிக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பை விலக்கி, பல்லாயிரம் மரங்களை வெட்டினார்கள். பந்தயம் நடந்ததோ சில நாட்கள். முடிந்ததும் காட்டை மீட்டுத் தருவோம் என்றார்கள். 2023இல் அங்கே சுற்றுலாக் கேபிள் கார் ஓடத் தொடங்கியது. அதை அகற்றக் கூடாதென்று போராடியவர்களில் ஊர்க்காரர்களும் உண்டு. அவர்களுக்கு அது பிழைப்பு. நம் எதிர்ப்புச் சொல்லாடல் தடுமாறுகிற இடமும் இதுதான். ஊர்ப்பாட்டின் ஓசையைப் பொம்மைக்குள் வைத்துத் தைத்துவிட்டு ஊரின் மலையை மொட்டையடித்ததை வெறும் முரண் என்று சொல்லி நழுவ முடியவில்லை. குறிப்பான் சந்தைக்கு வர, குறிப்பீடு இடத்தைக் காலி செய்தாக வேண்டியிருக்கிறது.

கொரியாவோடு நிற்கிற கதையுமல்ல. 2014 சோச்சியின் சின்னங்களில் ஒன்று சிறுத்தை. மேற்குக் காகசஸில் அற்றுப்போன அந்த விலங்கை மையம் வைத்து வளர்த்தார்கள், 2016இல் மூன்றைக் காட்டிலும் விட்டார்கள், மறைப்பானேன். போட்டிக்குச் சற்று முன்பு புதின் சிறுத்தைக் குட்டியோடு படம் எடுத்துக்கொண்டார். போட்டி நடந்துகொண்டிருந்தபோதே, அதன் சூழல் கேடுகளை அம்பலப்படுத்திவந்த யெவ்கெனி வித்திஷ்கோவின் மூன்றாண்டு சிறைத் தண்டனை உறுதியானது. வழக்கு, வனப்பகுதி வேலி ஒன்றைச் சேதப்படுத்தியதாக.

கரிவாங்குக்குத் திரும்பினால், டவுன்ஹிலில் வென்றவர்களுக்குச் சரிவின் அடியிலேயே பதக்கம் தரவில்லை. அது பிறகு, வேறு திடலில். மரங்கள் நின்ற அந்த இடத்தில் கையில் கொடுத்தது சூஹோராங் பொம்மை. தலையில் ஒரு காகிதப் பூ.