இரண்டாண்டுக் கருணை

2012 ஜூன் 15 அன்று வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் நின்று பராக் ஒபாமா அறிவித்த திட்டத்துக்கு டாகா என்று பெயர். சிறுவயதில் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, உரிய ஆவணங்கள் இல்லாமலேயே அங்கு வளர்ந்துவிட்டவர்களை நாடுகடத்தும் நடவடிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குத் தள்ளிவைப்பது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கு வேலை செய்ய அனுமதி தருவது. கெடு முடியுமுன் மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்வது. இவ்வளவுதான் திட்டம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதனால் பயன்பெற்றிருக்கிறார்கள். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இன்றும் இதை நம்பித்தான் வேலைக்குப் போகிறார்கள், வாடகை கட்டுகிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் என்றதும் எல்லைச் சுவரும் கைவிலங்கும்தான் நம் கண்முன் வருகின்றன. என்னைக் கேட்டால், அந்தச் சட்டத்தின் குணத்தை அறிய டாகாவைப் பார்ப்பதே சரியான வழி. தண்டனையில் ஓர் அரசு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பது தெரிந்த செய்தி. இரங்க வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு அதனால் எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதை டாகா காட்டுகிறது.

அந்தத் தேதிக்கு ஒரு முன்கதை உண்டு. சரியாக 30 ஆண்டுகளுக்கு முன், 1982 ஜூன் 15 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளைலர் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. ஆவணமில்லாத குழந்தைகளின் படிப்புக்கு நிதி தருவதில்லை என்று டெக்சஸ் மாநிலம் 1975-இல் சட்டம் இயற்றியிருந்தது. டைலர் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் அதைக் காட்டி, அத்தகைய குழந்தைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. செல்லாது என்றது நீதிமன்றம். ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். அன்றிலிருந்து ஆவணம் இல்லாத குழந்தையும் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கலாம். மனிதநேயமுள்ள தீர்ப்பு அது. ஆனால் அதன் காவல் பள்ளி வாசலோடு முடிந்துவிட்டது. தினமும் காலையில் கொடிக்கு வணக்கம் சொல்லி வளர்ந்த பிள்ளைக்குப் பள்ளி முடிந்ததும் சமூகப் பாதுகாப்பு எண் இல்லை, முறையான வேலை இல்லை, மத்திய அரசின் கல்வி உதவி இல்லை, பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுநர் உரிமமும் இல்லை. பலருக்குத் தங்கள் நிலை என்ன என்பதே உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும் வயதில்தான் தெரியவந்தது.

ஹோசே அன்டோனியோ வர்காஸ் அப்படி அறிந்தவர். பிலிப்பைன்ஸிலிருந்து 12 வயதில் கலிஃபோர்னியாவில் இருந்த தாத்தா பாட்டியிடம் அனுப்பப்பட்டவர். 16 வயதில் ஓட்டுநர் உரிமம் வாங்கப் போன அலுவலகத்தில்தான் தன்னுடைய கிரீன் கார்டு போலியானது என்று அவருக்குத் தெரிந்தது. பின்னாளில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் நிருபரானார். புலிட்சர் பரிசு பெற்ற செய்திக் குழுவில் ஒருவரானார். 2011-இல் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் தன் உண்மையை எழுதி வெளியிட்டார். ஆவணமற்றவர்களின் நிலையை நாடறியச் செய்தவர்களில் முன்வரிசையில் நின்றவர் அவர். டாகா வந்தபோது விதி இப்படி இருந்தது: 2012 ஜூன் 15 அன்று விண்ணப்பதாரருக்கு 31 வயது நிறைந்திருக்கக் கூடாது. வர்காஸுக்கு அதே ஆண்டு பிப்ரவரியில் 31 நிறைந்துவிட்டது. நான்கு மாத வித்தியாசத்தில் அவர் வெளியே நின்றார்.

இந்தத் தள்ளிவைப்பு முறை ஒபாமா புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. 1972-இல் இசைக்கலைஞர் ஜான் லெனனை நாடுகடத்த நிக்சன் அரசு முயன்றது. அவருடைய வழக்கறிஞர் லியோன் வைல்ட்ஸ், தகவல் பெறும் சட்டத்தின்படி அரசின் கோப்புகளைக் கேட்டு வாங்கினார். இரக்கத்துக்கு உரியவர்கள் என்று தோன்றிய சிலரை வெளியேற்றாமல் அதிகாரிகள் ஓசையின்றி விட்டுவைத்து வந்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆவணமற்றவர்கள் வாழும் நாட்டில் எல்லோரையும் பிடித்து அனுப்புவது நடக்காத காரியம். யாரை முதலில், யாரை எப்போதும் வேண்டாம் என்று எவரேனும் முடிவெடுத்தே ஆக வேண்டும். டாகா அந்த முடிவைக் கோப்புக்குள்ளிருந்து எடுத்துப் பொதுவில் வைத்தது. தகுதிகளை எழுதி, விண்ணப்பப் படிவம் அச்சிட்டு, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்றது. புகழ்பெற்ற பாடகருக்கும் நல்ல வழக்கறிஞர் வாய்த்தவருக்கும் மட்டும் எட்டிய வழி, கோழிப் பண்ணைத் தொழிலாளியின் மகளுக்கும் எட்டியது. இது அதன் முதல் சிறப்பு. நிர்வாகத்தின் விருப்பதிகாரம் இவ்வளவு வெளிப்படையாகப் பயன்படுத்தப்பட்ட இன்னொரு தருணம் அந்நாட்டுக் குடியேற்ற வரலாற்றில் அரிது.

இரண்டாவது சிறப்பு, அது கொடுத்த சான்று. அதே ஆள், அதே ஊர், அதே படிப்பு. கையில் ஓர் அட்டை மட்டும் புதிதாக வந்தது. பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சமையலறையில் பாத்திரம் துலக்கியவர்கள் செவிலியர்களானார்கள், ஆசிரியர்களானார்கள், வங்கிக் கணக்கு தொடங்கினார்கள், வீட்டுக் கடன் வாங்கினார்கள். டாகா வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோது மருத்துவக் கல்லூரிகளின் அமைப்பு தாக்கல் செய்த மனுவில், சுமார் 27,000 டாகா பயனாளிகள் மருத்துவத் துறையில் வேலை செய்வதாகக் கூறப்பட்டது. கொரோனா பரவிய 2020-இல் நீதிபதிகள் அந்த எண்ணை வேறு கண்ணோடு பார்த்திருக்க வேண்டும். ஆவணமற்றவர்களால் முன்னேற முடியாமல் போவதற்குத் திறமைக் குறைவோ உழைப்புக் குறைவோ காரணம் என்று சொல்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

இனி குறைகளைப் பார்க்க வேண்டும். நான் கருதும் முதன்மைக் குறை, இது உரிமை ஆகாது என்பது. டாகா பெற்றவருக்குச் சட்டப்படியான குடியேற்ற நிலை எதுவும் கிடைப்பதில்லை. கிரீன் கார்டுக்கு நேர்வழியும் அதில் கிடையாது. 465 டாலரில் தொடங்கிய விண்ணப்பச் செலவு இப்போது தாளில் விண்ணப்பித்தால் 605 டாலர். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும். புதுப்பிப்பு தாமதமானால் வேலை அன்றே நிற்கும். பத்து ஆண்டுக்கும் மேலாக இப்படி வாழ்பவர் ஐந்தாண்டுத் திட்டம் எதையும் போட முடியாது. அதைவிடக் கொடியது, விண்ணப்பிக்கும்போது அவர் அரசிடம் கொடுத்திருப்பவை: கைரேகை, முகவரி, பள்ளிச் சான்று, நாட்டுக்குள் வந்த விவரம். நாடுகடத்தும் பிரிவுக்கு இவற்றைப் பொதுவாகத் தரமாட்டோம் என்று அரசு சொன்னது. அந்தக் கொள்கையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றும் அதே அறிக்கை சொன்னது. மறைந்து வாழ்ந்தவர்கள் அரசை நம்பி வெளியே வந்து தங்கள் முகவரியைத் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். 2025-இல் செல்லுபடியாகும் டாகா வைத்திருந்த சிலரே கைது செய்யப்பட்ட செய்திகளைப் படித்தபோது, அந்த நம்பிக்கைக்கு அரசு கொடுத்த விலை இதுதானா என்று கேட்கத் தோன்றியது.

நீதிமன்றங்களில் இத்திட்டம் அலைக்கழிந்த வரலாறு நீளமானது. 2017 செப்டம்பரில் டிரம்ப் அரசு இதை ரத்து செய்வதாக அறிவித்தது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம், ரத்து செய்த முறை தவறு என்று மட்டும் சொல்லி, ஒரு வாக்கு வித்தியாசத்தில் காப்பாற்றியது. 2021 ஜூலையில் டெக்சஸ் நீதிபதி ஆண்ட்ரூ ஹேனன் திட்டமே சட்டவிரோதம் என்றார். அன்றிலிருந்து புதிய விண்ணப்பங்களுக்கு அனுமதி இல்லை. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், டெக்சஸில் மட்டும் வேலை அனுமதியைப் பிரித்தெடுத்துவிட்டு, நாடுகடத்தலிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பை விட்டுவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வேலை செய்யக் கூடாது, ஆனால் இருக்கலாம்! உணவுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை.

ஹேனனின் வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சட்டம் இயற்ற வேண்டியது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ். 2001-இல் ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பினும் குடியரசுக் கட்சியின் ஆரின் ஹேட்ச்சும் சேர்ந்து கொண்டுவந்த ட்ரீம் மசோதா, 2010 டிசம்பரில் கீழவையில் நிறைவேறி, செனட்டில் 55 வாக்கு பெற்றும் தோற்றது. அங்கே தேவைப்பட்டது 60. மக்கள் பிரதிநிதிகள் நிறைவேற்றாததை அதிபரின் நிர்வாகம் ஓர் ஆணையால் செய்வது சரியா என்று கேட்பது முறையான கேள்விதான். டாகா மீதான என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. டாகா காங்கிரஸின் சுமையைக் குறைத்துவிட்டது. எட்டு லட்சம் இளைஞர்கள் உடனடி ஆபத்திலிருந்து தப்பியதும், சட்டம் இயற்ற வேண்டிய அவசரம் இரு கட்சிகளுக்கும் போய்விட்டது. தற்காலிகத் தீர்வு நிரந்தரத் தீர்வின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

தேதிகளின் கொடுமையை எவரும் போதுமான அளவு பேசுவதில்லை. 2007 ஜூன் 15-க்கு முன்பிருந்தே தொடர்ந்து அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும் என்பது டாகாவின் விதி. இந்தத் தேதி ஒருமுறைகூட நகரவில்லை. 2026-இல் 18 வயதில் பள்ளி முடிக்கும் மாணவர் 2007-இன் நடுப்பகுதிக்குப் பின் பிறந்தவர். நீதிமன்றத் தடை நாளையே நீங்கினாலும் அவர்களில் ஒருவருக்கும் தகுதி இல்லை. பிளைலர் தீர்ப்புக்குப் பிறகு இருந்த அதே சுவர், அதே இடத்தில், அடுத்த தலைமுறைக்கு மீண்டும் எழுந்துவிட்டது.

தமிழ்க் குடும்பங்களைத் தொடும் இடமும் ஒரு தேதிதான். டாகா பெற 2012 ஜூன் 15 அன்று சட்டப்படியான நிலை இல்லாதவராக இருந்திருக்க வேண்டும். எச்1பி விசாவில் வந்த பெற்றோருடன் முறைப்படி வந்து, எச்4 விசாவில் வளர்ந்த பிள்ளைகள் இதனாலேயே தகுதி இழந்தார்கள். ஆண்டுதோறும் தரப்படும் வேலைசார் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடுதான் என்ற உச்சவரம்பால் இந்தியர்களின் காத்திருப்பு பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது. அதற்குள் பிள்ளைக்கு 21 வயது முடிந்தால் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து அவர் விழுந்துவிடுவார். மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அல்லது நினைவே இல்லாத சென்னைக்கோ கோவைக்கோ திரும்ப வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகள் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருப்பார்கள் என்பது மதிப்பீடு.

இந்த வேதனையை அனுபவிக்கும் நம்மவர் சிலர், "நாங்கள் வரிசையில் நிற்கிறோம், அவர்கள் குறுக்கே புகுந்தார்கள்" என்று ஆவணமற்றவர்கள்மீது கோபப்படுகிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் குவாத்தமாலாவின் கூலித் தொழிலாளிக்கு எந்த வரிசை? சிறப்புப் பயிற்சி தேவைப்படாத வேலைகளுக்கான கிரீன் கார்டு உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு 10,000-ஐத் தாண்டக் கூடாது என்பது சட்டம். உள்ளே வந்துவிட்டவர் திருத்திக்கொள்ள நினைத்தாலும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் வழிமறிக்கிறது: ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவர் வெளியேறினால் பத்து ஆண்டு திரும்ப முடியாது. எல்லை தாண்டி வந்த ஒருவர் அமெரிக்கக் குடிமகளை மணந்தாலும், விசா வாங்க வெளிநாட்டுத் தூதரகத்துக்குப் போக வேண்டும். போனாலே அந்தப் பத்தாண்டுத் தடை விழுகிறது. விலக்கு கேட்கலாம், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இதற்கிடையே அவர்கள் வரி கட்டுகிறார்கள். 2022-இல் மட்டும் ஆவணமற்றவர்கள் கட்டிய வரி 9,670 கோடி டாலர் என்பது வரிக் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்றின் கணக்கு. தாங்கள் ஒருநாளும் பெற முடியாத ஓய்வூதியத்துக்கும் அதில் ஒரு பங்கு போகிறது.

டாகாவின் இன்னொரு குறை அதன் அறத்திலேயே இருக்கிறது. இவர்கள் எந்தத் தவறும் செய்யாத பிள்ளைகள் என்பதே திட்டத்துக்கு ஆதரவாக எல்லோரும் சொன்ன வாதம். அப்படியானால் தவறு யாருடையது? அம்மாவும் அப்பாவும் குற்றவாளிகளாகிறார்கள். பட்டம் பெற்ற மகளுக்கு அட்டை. அவளைப் படிக்க வைக்க ஹோட்டல் அறைகளைக் கூட்டிய தாய்க்கு ஒன்றுமில்லை. 2014-இல், அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் இதே போன்ற திட்டத்தை ஒபாமா அறிவித்தார். 2016-இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு நான்கு என்று பிரிந்ததால் அது நடைமுறைக்கே வரவில்லை. சிறந்த மாணவர்களின் படங்களைக் காட்டி இரக்கம் கேட்கும்போதெல்லாம், சாதாரண மதிப்பெண் பெற்றவரும் பள்ளியை முடிக்க இயலாதவரும் இரக்கத்துக்கு வெளியே தள்ளப்படுகிறார்கள்.

பொது மன்னிப்பு மேலும் ஆட்களை வரவழைக்கும் என்பது வழக்கமான எதிர்ப்பு. அதற்கு 1986-ஐக் காட்டுவார்கள். ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேர் சட்டபூர்வ நிலை பெற்றார்கள். ஆனால் 1990-இல் ஏறக்குறைய 35 லட்சமாக இருந்த ஆவணமற்றோர் எண்ணிக்கை 2007-இல் 1.2 கோடியைத் தொட்டது. எண்கள் உண்மை, முடிவு தவறு. 1982 ஜனவரி 1-க்கு முன் வந்தவர்களின் கணக்கை முடித்த அந்தச் சட்டம், அதற்குப் பிறகு வரப்போகும் உழைப்பாளிகளுக்குப் போதிய வழி வைக்கவில்லை. கூடவே எல்லைக் காவல் இறுகியதால், அறுவடைக்கு வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த மெக்சிகோ தொழிலாளர்கள் திரும்பாமல் தங்கிவிட்டார்கள் என்று சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி நீண்ட கள ஆய்வால் நிறுவியிருக்கிறார்.

தீர்வுக்கு முற்றிலும் புதிய சட்டம்கூடத் தேவையில்லை; பழைய ஒன்றைத் தூசு தட்டித் திருத்தினால் போதும். நீண்டகாலம் வசித்தவர், நன்னடத்தை உள்ளவர் என்றால் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம் என்ற பதிவுமுறை 1929 முதல் அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. எந்தத் தேதிக்கு முன் வந்திருக்க வேண்டும் என்பதைக் காங்கிரஸ் அவ்வப்போது முன்னே நகர்த்தி வந்தது. கடைசியாக நகர்த்தியது 1986-இல். அன்று வைத்த தேதி 1972 ஜனவரி 1. இன்றும் அதுதான். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கு வாழ்ந்தவர்தான் இன்று விண்ணப்பிக்க முடியும். நிலையான தேதிக்குப் பதிலாக ஏழு ஆண்டு வசிப்பு என்று மாற்றும் மசோதாவை 2022-இல் கலிஃபோர்னியாவின் ஸோயி லாஃப்கிரென் கொண்டுவந்தார். அது நிறைவேறியிருந்தால் டாகா போன்ற திட்டங்களுக்கு அவசியமே இருந்திருக்காது. பெற்றோரையும் பிள்ளையையும் பிரித்துப் பார்க்க வேண்டியதும் வந்திருக்காது.

அமெரிக்கக் குடியுரிமை பெற்று வாக்களிக்கும் தமிழர்களிடம் ஒன்று கேட்கிறேன். 21 வயதில் விழும் நம் பிள்ளைகளுக்காக உங்கள் தொகுதி உறுப்பினருக்கு நீங்கள் எழுதுவது சரி. அதே கடிதத்தில் அந்தப் பதிவுமுறையின் தேதியை நகர்த்தும்படியும் எழுதுங்கள்.