தீவட்டி பிடித்த கை

2023 அக்டோபருக்குப் பின் காஸாவைப் பற்றித் தமிழில் வந்த கவிதைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றின் கோபத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கோபம் எழுதுகிறவனிடம் விலை எதுவும் கேட்கவில்லை என்பதுதான் என் சங்கடம். தூரத்து ஊரில் குற்றவாளியை அடையாளம் காண்பது சுலபம். இஸ்ரேலில் உட்கார்ந்து எழுதுகிறவனின் நிலைமை வேறு. அவன் எழுதவேண்டியிருப்பது தன் தம்பியைப் பற்றி.

அப்படி எழுதப்பட்ட குறுநாவல் ஒன்று உண்டு. எஸ். இஸ்ஹார் ஹீப்ருவில் எழுதி 1949ல் வெளிவந்த 'கிர்பெத் கிஸே'. 1948 யுத்தத்தின்போது ஓர் அரபுக் கிராமத்தைக் காலிசெய்யப் போன யூதச் சிப்பாய்களில் ஒருவன் கதையைச் சொல்கிறான். ஊரின் பெயர் கற்பனை, காரியம் கற்பனையல்ல. சிப்பாய்கள் சாதாரணப் பையன்கள். அலுத்துக்கொள்கிறார்கள், கேலி பேசுகிறார்கள், இடையில் கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் லாரியில் ஏற்றுகிறார்கள். கதைசொல்லிக்கு உறுத்துகிறது. ஆனாலும் அவன் அந்த வேலையைவிட்டு விலகவில்லை. இதை எழுதியவர் அதே 1949ல் ஆளுங்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

பள்ளிகளிலும் படிக்கப்பட்ட நூல் இது. 1978ல் டெலிவிஷன் படமானபோது கல்வி அமைச்சர் ஒளிபரப்பை நிறுத்தினார். எதிர்ப்பாக நிலைய ஊழியர்கள் அந்த நேரத்தில் திரையை இருட்டாகவே விட்டார்கள். பிறகு படம் காட்டப்பட்டது. இவ்வகை எழுத்தைச் 'சுட்டுவிட்டு அழுவது' என்று ஏளனம் செய்கிறவர்களும் அங்கே உண்டு. அழுது மனதைக் கழுவிக்கொண்டு மறுபடி சுடப் போகலாம் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. நியாயமான குற்றச்சாட்டுத்தான். ஆனால் அந்த வாக்குவாதம் நடப்பதற்கே முதலில் அப்படி ஒரு புத்தகம் இருந்தாக வேண்டும்.

நம்மிடம் இருக்கிறதா?

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தகராறு கூலி நெல்லில் அரைப்படி கூடுதலாகக் கேட்டதில் வந்தது. கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட மிராசுதார்களை 1973ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று பலமுறை பேசப்பட்டது: இவர்கள் பெரும் நிலமும் செல்வமும் உள்ளவர்கள், ஒருவர் காரே வைத்திருப்பவர், ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம்.

சட்டம் ஒருபுறமிருக்க, இதை ஒரு பாத்திரச் சித்தரிப்பாகவே நான் வாசிக்கிறேன். 'மிராசுதார் என்றால் இப்படித்தான் இருப்பார்' என்ற ஒரு படம் நீதிபதிகள் மனதில் முன்பே இருந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? கதைகளைப் படித்து வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் கும்பகோணத்தைச் சுற்றி எழுந்த நம் பெரும் படைப்புகளிலும் அந்தப் படம் இருக்கிறது. கு.ப.ரா., தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு, எம்.வி. வெங்கட்ராம் ஆகியோர் மனசின் இருட்டுக்குள் போன தூரத்துக்கு வேறு யாரும் போகவில்லை. அந்த இருட்டு பெரும்பாலும் கூடத்தோடும் கொல்லைப்புறத்தோடும் நின்றுவிடுகிறது. களத்துமேட்டுக்கு வருவதில்லை. வயல் வருகிறது, பச்சையாக; அதில் நிற்பவள் தூரத்தில் குனிந்திருக்கிறாள், முகம் தெரியாமல்.

இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' (1975) எழுதினார். 1977ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. மற்றவர்கள் தொடாததைத் தொட்ட துணிச்சலுக்கு மரியாதை உண்டு. ஆனால் அதில் மிராசுதார் கண்ணையா நாயுடுவின் குரூரத்துக்கு அவரது ஆண்மைக் குறைவு காரணமாகிறது. வர்க்கப் பிரச்சினையைப் பாலியலாக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் கோபித்தார்கள். என் ஆட்சேபம் வேறு. ஆரோக்கியமான ஒரு மிராசுதார் இதைச் செய்யமாட்டார் என்று நாவலும் நம்புகிறது. நீதிமன்றத்தால் அந்தக் கையில் தீவட்டியைக் கற்பனை செய்ய முடியவில்லை. நாவலாசிரியரால் முடிந்தது, ஆனால் கைக்கு ஒரு வியாதியைக் கொடுத்த பிறகுதான். இரண்டிலும் ஜில்லா தப்பிவிடுகிறது.

சாணிப்பாலும் சவுக்கடியும் பைத்தியக்காரர்களின் வேலையா? பூஜை முடித்து, கச்சேரி கேட்டு, பேத்தியைக் கொஞ்சுகிற மனிதர்களின் பண்ணைகளில் அது வழக்கம், கிட்டத்தட்ட நிர்வாகம். இந்தச் சகஜத்தைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' (1999) வெண்மணியை அந்த மண்ணிலிருந்தே நாவலாக்கியது. எரிந்தவர்களின் கதையை எழுதுகிறவர்கள் வந்துவிட்டார்கள், இன்னும் வருவார்கள். நான் கேட்பது மற்றக் கதையை. அன்றிரவு கூட நடந்தவன், அல்லது திண்ணையில் உட்கார்ந்து வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தவன் சொல்லும் கதை. அவன் வீட்டுப் பிள்ளைகளும் பேரன்களும் நம்மைப் போலவே படித்தவர்கள். சிலர் கவிதைகூட எழுதுகிறார்கள். காஸாவைப் பற்றி.