நீலத்திரை

போன மாசம் ஒரு சாயங்காலம், நாகர்கோவில் ஜங்ஷனில் அக்கா மகனுக்காகக் காத்திருந்தேன். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனிக்கு டெஸ்ட் எழுதப் போயிருந்தான். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், எண்பத்திரண்டு சதவிகிதம். காலையில் ரயில் ஏறும்போது நெற்றியில் சுசீந்திரம் கோயில் சந்தனம், சட்டையில் இஸ்திரி மடிப்பு. இறங்கும்போது ரெண்டும் இல்லை.

"என்னலே ஆச்சு?"

"மாமா, நான் படிச்ச சி ப்ளஸ் ப்ளஸ் வேற. அவ்வொ கேட்ட சி ப்ளஸ் ப்ளஸ் வேற."

ஸ்டேஷனுக்கு வெளியே ஆளுக்கொரு டீயும் ரசவடையும் சொல்லிவிட்டு விசாரித்தேன். டெஸ்டில் ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, 'எந்த எடிட்டர் வேண்டுமோ அதில் எழுதலாம்' என்றார்களாம். இவன் டர்போ எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். மேற்பார்வைக்கு நின்ற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'அது இல்லை, வேறு எதிலாவது எழுதுங்கள்' என்றிருக்கிறாள். எழுதினான். முதல் வரியிலேயே மெஷின் மறுத்துவிட்டது. அதைத் திருத்தினால் ரெண்டாவது வரி, அப்புறம் மூணாவது. மூணு வருஷம் மனப்பாடமாகத் தட்டிய வரிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றப்பத்திரிகை. ஒன்றரை மணி நேரம் அதற்கே சரியாய்ப் போயிற்று. கேட்ட கணக்கு என்னவோ இவனுக்குத் தெரிந்த கணக்குதான்.

நான் பி.காம். கம்ப்யூட்டரில் நமக்குத் தெரிந்தது டைப் அடிப்பதும், அதற்கு முன்னால் கோட்டாறில் ஒரு மளிகை மொத்தக் கடையில் ஆறு மாசம் டாலி போட்டதும்தான். ஆனாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எண்பத்திரண்டு சதவிகிதம் வாங்கிய பையன் முதல் வரியில் எப்படித் தோற்பான்? மறுநாள் அவன் லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இந்த வாரம் சினிமாவும் இல்லை, புத்தகமும் இல்லை. விமர்சனம் அந்த நீலத்திரைக்கு.

உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை இருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். திரை முழுக்க அடர் நீலம், மேலே சாம்பல் பட்டை, மஞ்சள் எழுத்து. டர்போ சி ப்ளஸ் ப்ளஸ். அமெரிக்காவின் போர்லாண்ட் கம்பெனி 1990-ல் வெளியிட்டது. நம் லேப்களில் குடியேறி, வாடகையும் தராமல் காலியும் பண்ணாமல் இருக்கும் 3.0 பதிப்பு 1991-ல் வந்தது.

அதை ஒரேயடியாகத் திட்டுவது நியாயம் இல்லை. அந்தக் காலத்தில் அது ஒரு ஹிட் படம். அதற்கு முன்பெல்லாம் புரோகிராம் எழுத ஒரு மென்பொருள், அதை மெஷினுக்குப் புரியும்படி மாற்ற இன்னொன்று, தப்பு கண்டுபிடிக்க மூணாவது. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து சல்லிசான விலைக்கு விற்றது போர்லாண்ட். டர்போ குடும்பத்தின் மூத்த பிள்ளை டர்போ பாஸ்கல், 1983-ல் ஐம்பது டாலருக்கு அஞ்சு சென்ட் குறைவு. மற்ற கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த நேரம். இங்கே எழுது, கன்ட்ரோல் எஃப் 9 அடி, ஓடும். சின்ன மெஷினிலும் ஓடும். முதன்முதலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பையனுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. வட்டம் வரையலாம், காரை ஓட்டலாம். என் மருமகனும் ஒரு காரை ஓட்டிக் காட்டினான். நன்றாகவே ஓடியது.

அப்புறம் நான் ஒரு வேலை சொன்னேன். "மக்ளே, உனக்கு வேலை கெடச்சு மாசம் முப்பத்து மூவாயிரம் சம்பளம்னு வெச்சுக்க. அந்த நம்பரை இதுல போட்டுக் காட்டு." முழு எண் வகையில் 33,000 என்று போட்டான். கன்ட்ரோல் எஃப் 9. திரையில் வந்தது: மைனஸ் 32,536.

சம்பளம் கேட்டால் கடன் கொடுக்கிறது! பையன் அசரவில்லை. "அது அப்படித்தான் மாமா. இன்ட்டுக்கு ரெண்டு பைட்டு. 32,767-க்கு மேல தாங்காது." பரீட்சைக்குப் படித்ததை ஒப்பித்தான். அது டர்போ பிறந்த காலத்து மெஷினின் வரம்பு. இன்றைக்கு வழக்கமான கம்பைலர்களில் அதே முழு எண்ணுக்கு நாலு பைட். இருநூற்றுப் பதினாலு கோடி வரை தாங்கும். ஒரு பழைய பெட்டியின் கொள்ளளவை மொழியின் சட்டம் என்று பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிறான். ஒன்று கவனித்தீர்களா? டர்போவை அவன் நேராகத் திறக்கவே இல்லை. புது விண்டோஸில் அது ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளைப் போட்டு, அது உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர் மாதிரி வேஷம் கட்டி, அதற்குள் டர்போ. கல்லூரிகளும் இந்த உபாயத்தைத்தான் செய்கின்றன. இறந்துபோன மெஷினுக்குத் திவசம் கொடுக்கிற சிரத்தையில் கால்வாசி இருந்தால் புதிதாக ஒன்றைப் போட்டுவிடலாம்.

டெக்னோபார்க்கில் அவன் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். சி ப்ளஸ் ப்ளஸ்ஸுக்கு 1998-ல் உலகப் பொதுத் தரம் ஒன்று எழுதினார்கள். அதில் தலைப்பு வரியில் இருந்த 'டாட் ஹெச்' போனது. 'வாய்ட் மெயின்' என்று தொடங்குவது செல்லாது. திரையைத் துடைக்கிற அந்தப் பிரசித்தி பெற்ற வரி மொழியிலேயே கிடையாது, போர்லாண்ட் வீட்டுச் சரக்கு. அதன் பிறகும் 2011, 2014, 2017, 2020, 2023 என்று தரம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. டர்போவுக்கு 1998-ஏ தெரியாது. நாகர்கோவிலிலிருந்து கழக்கூட்டம் எண்பது கிலோமீட்டர்தான் இருக்கும். பையன் தாண்ட வேண்டியிருந்தது முப்பது வருஷத்துக்கு மேல்.

பழசு என்பதனால் மட்டும் நான் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். விம் என்று ஓர் எடிட்டர் இருக்கிறது. நெதர்லாந்துக்காரர் பிராம் மூலெனார் எழுதியது. அதுவும் டர்போ 3.0 வந்த அதே 1991-ல்தான் வெளியானது. அதன் தகப்பன் 'விஐ' இன்னும் பழசு, 1976. அதில் மவுஸ் வேண்டாம், மெனு இல்லை. உள்ளே போய்விட்டு வெளியே வரத் தெரியாமல் தவித்தவர்களைப் பற்றி ஊரெல்லாம் ஜோக் உண்டு. திறந்ததும் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி வரும், அந்த மனிதர் அப்படி. 2023-ல் அவர் காலமாகும் வரை அதைச் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் ஆட்கள் தொடர்கிறார்கள். வயது ஒன்றேதான், அது உயிரோடு இருக்கிறது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? இப்போது உலகத்தில் பெரும்பாலோர் கை வைப்பது வி.எஸ். கோட். மைக்ரோசாஃப்ட் 2015-ல் அறிமுகம் செய்தது, காசு வேண்டாம். இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. டர்போ பாஸ்கலின் கம்பைலரை எழுதிய டென்மார்க்காரர் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க், 1996-லேயே போர்லாண்டை விட்டு மைக்ரோசாஃப்டுக்குப் போனார். அங்கே அவர் முன்நின்று உருவாக்கி 2012-ல் வெளிவந்த மொழி டைப்ஸ்கிரிப்ட். அந்த மொழியில் எழுதப்பட்டதுதான் வி.எஸ். கோட். டர்போ வம்சத்தின் மூத்த ஆசாரியே பழைய பட்டறையைப் பூட்டிவிட்டுப் போய் இத்தனை வருஷம் ஆகிறது. நம் லேப்பில்தான் சாவியை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆனால் வி.எஸ். கோடைக் கண்ணை மூடிக்கொண்டு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மருமகன் அன்றைக்கே அதை இறக்கி, டர்போ பழக்கத்தில் ஓடவிடும் பொத்தானைத் தேடினான். ஓடவில்லை. கம்பைலரைக் காணோம் என்கிறது. காரணம், அது வெறும் எடிட்டர். எழுதுகிற நோட்டு. அதில் எழுதியதை மெஷின் பாஷைக்கு மாற்றுகிற ஆள் தனி, அவரைத் தனியே கூட்டிவர வேண்டும். "ரெண்டும் ஒண்ணுதானே மாமா?" என்றான். மூணு வருஷப் படிப்பில் அவனுக்கு இது தெரியவில்லை. எடிட்டர், கம்பைலர், மொழி என்ற மூணும் அவனுக்கு ஒரே நீல நிறத்தில் இருந்தன.

எனக்கு இந்த வியாதி பழக்கம். கோட்டாறு கடையில் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு டாலியில் எஃப் 5 அடித்தால் பேமென்ட், எஃப் 6 அடித்தால் ரசீது என்று தூக்கத்திலும் தெரியும். ஒரு நாள் கரண்ட் போய், முதலாளி பேரேட்டை நீட்டி 'கையால் எழுதும்' என்றார். எது பற்று, எது வரவு என்று தெரியாமல் மனுஷன் விசிறியால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டாலி மேல் ஒரு தப்பும் இல்லை. அது நல்ல சாமான். கணக்கு அதற்கு முன்னாலேயே இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நான் கேட்டவரையில், விஷயம் தெரிந்தவர்கள் சொன்னதிலிருந்து பொறுக்கியது இது. ஆரம்பத்தில் ஒரு மாசம் சாதாரண எடிட்டரில் எழுதுங்கள், நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் போதும். கம்பைலரைக் கறுப்புத் திரையில் கையால் கூப்பிடுங்கள். ஜி.சி.சி. இலவசம். அது திட்டுவதை முழுதாகப் படியுங்கள். பைத்தான் படிக்கிற பிள்ளை என்றால் எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தோனி என்று ஒன்று இருக்கிறது (நம்ம கிரிக்கெட் தோனி இல்லை). ஒவ்வொரு வரியாக நடத்திக்கொண்டு போய், எந்தப் பெட்டியில் என்ன மதிப்பு உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணுக்குக் காட்டும். பழைய லேப்டாப்பிலும் மூச்சு வாங்காது. வி.எஸ். கோட் அப்படி இல்லை, நாலு ஜி.பி. மெஷினில் பிரவுசரையும் சேர்த்துத் திறந்தால் திணறும். வேலைக்குப் போகிற நேரத்தில் அதற்கு மாறிக்கொள்ளலாம். நாம் ஒரு வார்த்தை அடிப்பதற்குள் பத்து வரி எழுதித் தருகிற ஏ.ஐ. உதவியாளரைக் கொஞ்ச நாளைக்கு அணைத்து வைப்பது நல்லது. நீலத்திரையாவது தப்பாக எழுதினால் ஓட மறுத்தது. இவர் நாம் எழுதவே விடமாட்டேன் என்கிறார்.

சரி, கல்லூரிகள் ஏன் மாறவில்லை? பழைய மெஷின், பணம் இல்லை என்பார்கள். நான் சொன்னவற்றில் ஒன்றுக்கும் பணம் வேண்டாம். தெரிந்த விரிவுரையாளர் ஒருவரிடம் கேட்டேன். அவர் மனசு விட்டுப் பேசினார். "அண்ணாச்சி, எடிட்டரைத் தேர்ந்தெடுக்கது நானும் இல்ல, பிள்ளைகளும் இல்ல. ரெக்கார்டு நோட்டு." சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து ஜூனியர் எழுதுகிறான். அதே புரோகிராம்தான் பிராக்டிகலில் வரும். வெளியிலிருந்து வரும் பரிசோதகரும் அதையே படித்தவர். எடிட்டரை மாற்றினால் ரெக்கார்டை மாற்ற வேண்டும், மதிப்பெண் போடுகிறவர் மனசையும் மாற்ற வேண்டும். யார் வம்பு?

இதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சபாஷ் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசின் புதுப் பாடத்திட்டத்தில் 2018-ல் வந்த பதினோராம் வகுப்புப் புத்தகம் டெவ் சி ப்ளஸ் ப்ளஸ்ஸுக்கு மாறிவிட்டது. மறு வருஷம் ப்ளஸ் டூவில் பைத்தான், அதற்கு ஐடில். ரெண்டும் ஆஹா ஓஹோ என்று இல்லை, ஆனால் காலத்தோடு நடக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகமும் 2017 விதிமுறையிலேயே முதல் பருவத்தில் பைத்தானைக் கொண்டுவந்தது. என் மருமகன் ப்ளஸ் டூவில் பைத்தான் எழுதியவன். அதை முடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போய் 1991-க்குத் திரும்பியிருக்கிறான். மூணு வருஷம், அப்பன் ரப்பர் பால் வெட்டிக் கட்டிய ஃபீஸில்.

அந்த அப்பனைச் சொல்ல வேண்டும். கீரிப்பாறைப் பக்கம் விடியுமுன்னே மரத்துக்குப் போகிற மனுஷன். கத்தியை யாருக்கும் இரவல் தரமாட்டார். தானே தீட்டுவார், தேய்ந்து போனால் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் புதுசு வாங்குவார். மொட்டைக் கத்தியால் வெட்டினால் மரம் புண்ணாகி அடுத்த வருஷம் பால் வராது என்பார். மகன் படித்த லேப்பை அவர் பார்த்ததில்லை. பார்த்தாலும் நீலமாக, அழகாகத்தான் இருந்திருக்கும்.

மூணு வாரமாகப் பையன் கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு போன்.

"மாமா, முப்பத்து மூவாயிரம் வந்துட்டு!"

தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "வேலை கெடச்சுட்டாலே?"

"இல்ல மாமா. ஸ்க்ரீன்ல. மைனஸ் இல்லாம."