‘திருட்டு’ யாருடைய சொல்?

“அதோட பிடிஎஃப் இருக்கா தோழர்?” போன மாதம் கே.கே. நகர் டீக்கடையில் ஒருவர் கேட்டார். இருக்கு என்று அங்கேயே அனுப்பியும் வைத்தேன். நம் நண்பரொருவரின் சிறுகதைத் தொகுப்பு அது. அச்சிட்டதே 300 பிரதிகள். கேட்டவர், அனுப்பிய நான், எழுதியவர் மூவருமே தனிச்சொத்துக்கு எதிராக மேடையில் முழங்குகிறவர்கள்தான். நடந்ததை எந்தச் சொல்லால் அழைப்பது?

‘திருட்டு’ என்ற சொல்லை இவ்விஷயத்தில் நம் வாயில் போட்டது சினிமா மூலதனம். ‘திருட்டு விசிடி’ என்ற தொடர் தெருவுக்கு வந்த காலத்தில், 2004இல், 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்துக்குள் வீடியோ நகலெடுப்போரும் இழுக்கப்பட்டார்கள். வழக்கு நடக்க வேண்டியதில்லை. ஆட்சியரோ காவல் ஆணையரோ பொது ஒழுங்குக்குப் பங்கம் என்று ‘திருப்தியுற்றால்’ போதும். அறிவுரைக் குழுமம் ஆமோதித்தால் ஓராண்டுவரை உள்ளே. கே.கே. நகரிலிருந்து மத்திய சிறை அப்படியொன்றும் தூரமில்லை. நடைபாதையில் வட்டு விரித்து விற்றவனுக்கு அது இன்னும் பக்கம்.

2023இன் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் இன்னும் வெளிப்படையானது: 3 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை, அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, படத்தின் மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம்வரை. அதாவது, குற்றத்தின் எடையைப் போடப்பட்ட முதலின் எடையே தீர்மானிக்கலாம். இத்தனை இருந்தும் நகல் நின்றதா? 2018 நவம்பரில் ‘2.0’ படத்துக்காக 12,000க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. படம் வெளியான அன்றே இணையத்தில் ஓடியது.

இதுவரை எழுதுவது நமக்குச் சுலபம். எதிரி பெரிய ஆள். தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடைமீது ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தொடுத்த வழக்கில் 2016இல் தீர்ப்பு மாணவர் பக்கம் வந்தபோது நாமும்தான் கொண்டாடினோம். எம்.ஏ. தமிழ் படிக்கையில் பதிப்பில் இல்லாத புத்தகங்களை ஜெராக்ஸ் போட்டே படித்தேன். அது இல்லையென்றால் இந்தக் கட்டுரையும் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழலில் நண்பரின் தொகுப்பையும் ஒதுக்கிக்கொள்ள முடியுமா? அது பாடத்திட்டத்துக்கான நகலும் இல்லை, அவருடைய பதிப்பாளர் ஆக்ஸ்ஃபோர்டும் இல்லை. அவரும் அவர் மனைவியுமாகப் பார்சல் கட்டுகிறவர்கள்.

ஆக, பிரித்துப் பார்க்க வேண்டியது நகலெடுப்பது சரியா தவறா என்பதையல்ல. எதை, யாரிடமிருந்து என்பதை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நீள்கிறது. வாரிசு எங்கே என்று தெரியாது, மறுபதிப்பும் வராது. அப்படிப் பூட்டிக் கிடக்கும் பிரதியை ஸ்கேன் செய்து வெளியே விடுபவரை நான் திருடர் என்று சொல்ல மாட்டேன். பூட்டைத் திறக்க இங்கே வேறொரு வழியும் உண்டு: 1949இல் பாரதி எழுத்துகளிலிருந்து தொடங்கிய நாட்டுடைமை. வாரிசுக்குப் பணம், வாசகருக்குப் பிரதி. (யாரை நாட்டுடைமையாக்குவது என்பதை அரசுதான் தீர்மானிக்கிறது, அந்த அரசியலைத் தனியே எழுத வேண்டும்.) கடையில் கிடைக்கிற, இன்னும் 200 பிரதி கட்டிலுக்கடியில் கிடக்கிற புத்தகத்துக்கு இந்த நியாயம் எதுவும் ஒட்டாது. அங்கே ‘பகிர்வு’ என்கிற நம் சொல்லும் ஒரு மோசடிதான்.

நண்பரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படவில்லை. “படிச்சாரா?” என்று மட்டும் கேட்டார். டீக்கடைத் தோழரிடம் விசாரித்தேன். இன்னும் திறக்கவில்லையாம்.