குடவோலையும் வாக்குரிமையும்

குடவோலையை மக்கள் வாக்கெடுப்பின் முன்னோடி எனத் தமிழாசிரியர் சிலர் புகழ்வதுண்டு. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) கூறுவதோ வேறு. இறையிறுக்கும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்டோர் பெயர்களே குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அது திருவுளச்சீட்டேயன்றி வாக்கெடுப்பு அன்று.

மலாக்கா மாணவர்க்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 1957 முதல் பேரரசரை ஒன்பது மாநில அரசர்களே மறைவாக்கால் தெரிவு செய்கின்றனர். மலாக்கா ஆளுநருக்கு அதில் வாக்கில்லை. அவரையே பேரரசர்தாம் அமர்த்துகிறார்.

குலுக்கல், சிலர் வாக்கு, பலர் வாக்கு என்னும் மூன்றும் வெவ்வேறாம். நிலமற்ற பால்மரத் தொழிலாளியின் பெயர் அக்குடத்துள் புகுந்திராது. இன்றோ குடிமகனாயின் சட்டமன்றத் தேர்தலில் அவருக்கு வாக்குண்டு. இவ்வேறுபாட்டை மறைக்கும் பழம்பெருமை கல்வியாகாது.