ஸனது அறுந்த செய்திகள்

கட்சி சார்ந்த இணையச் செய்தித்தளங்களின் ஆசிரியர்களை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? 'போஸ்ட்கார்டு நியூஸ்' தளத்தை நிறுவிய மகேஷ் விக்ரம் ஹெக்டேயின் பணியை முன்வைத்து இதனை ஆராயலாம். 2018 மார்ச்சில், கர்நாடகச் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய வேளையில், சமணத் துறவி ஒருவரை முஸ்லிம் இளைஞர்கள் தாக்கினர் என்று அவர் பரப்பினார். உண்மையில் அத்துறவி சாலை விபத்தில் காயமுற்றிருந்தார். மார்ச் 29 அன்று பெங்களூரு காவல்துறை ஹெக்டேயைக் கைது செய்தது. ஜூலையில் பேஸ்புக் நிறுவனம் அத்தளத்தின் பக்கத்தை நீக்கியது.

இது கர்நாடகத்தோடு முடிந்த செய்தியன்று. திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ளது. செஞ்சிக் கோட்டையில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சஆதத்துல்லா கான் பள்ளிவாசல் நிற்கிறது. விழுப்புரம் வட்டாரத்தில் இரு சமூகத்தாரும் தலைமுறைகளாக அயலவர்கள். விபத்தைத் தாக்குதலாக்கும் ஒரு வரி இத்தகைய அண்டை உறவைத்தான் அறுக்க முனைகிறது.

எனினும், கைது நமது அளவுகோலாகாது. பொய்ச் செய்திகளை அம்பலப்படுத்தும் 'ஆல்ட் நியூஸ்' தளத்தின் இணை நிறுவனர் முஹம்மது ஜுபைரும் 2022 ஜூனில் கைதானார். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது. சார்புநிலையும் அளவுகோலாகாது. கவாரிஜ் கொள்கையினரான இம்ரான் இப்னு ஹித்தானின் அறிவிப்பையும் இமாம் புகாரி தம் தொகுப்பில் ஏற்றுள்ளார். மறுபுறம், மக்களை நற்செயலுக்குத் தூண்டும் நோக்கில் சூராக்களின் சிறப்பைப் பற்றி ஹதீஸ்களைப் புனைந்த பக்திமான்களை முஹத்திஸ்கள் தயவின்றிப் புறந்தள்ளினர். அறிவிப்பாளரின் நேர்மை, நினைவாற்றல், தொடரின் அறுபடாமை ஆகியவற்றையே அவர்கள் நோக்கினர்.

இவ்வளவுகோலை மற்றொரு நிகழ்வில் பொருத்திப் பார்ப்போம். 2017 மே மாதம், இந்திய இராணுவத்தைப் பழித்து அருந்ததி ராய் ஸ்ரீநகரில் பேசியதாகப் போஸ்ட்கார்டு எழுதியது. அத்தகைய பேட்டி எதையும் அவர் அளித்திருக்கவில்லை. அக்கூற்று பாகிஸ்தானியத் தளங்களிலிருந்து வந்தது. அதைத் தொடர்ந்து, அன்று பாஜக நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த நடிகர் பரேஷ் ராவல், அவரை இராணுவ ஜீப்பில் கட்டவேண்டும் என்று ட்விட்டரில் எழுதினார். தொலைக்காட்சிகள் அதனை விவாதப் பொருளாக்கின. இத்தொடரில் எவரும் முதல் அறிவிப்பாளரைத் தேடவில்லை.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய கசப்பான உண்மை ஒன்றுண்டு. அப்புனைவு தோன்றியது நமது எதிரிகளின் முகாமில் அன்று; காஷ்மீர் மக்களுக்காகப் பேசுவதாகக் கூறிக்கொள்ளும் தரப்பில். நற்காரியம் என்றெண்ணிப் புனையப்பட்ட பொய், நம்மைப் பகைப்போருக்கே ஆயுதமாயிற்று.

செய்தி வந்தால் தீர விசாரிக்கவேண்டும் என்னும் ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளையை ஹெக்டே போன்றோரை நோக்கி ஓதுவது எளிது. நமக்கு மகிழ்வூட்டும் செய்தியிடமும், நமது சினத்தை நியாயப்படுத்தும் செய்தியிடமும் அதனைப் பிரயோகிப்பதே கடினம். உஸூலுல் ஹதீஸ் கற்பிக்கும் நமது மதரஸாக்கள், மாணவரின் கைபேசியில் வந்த செய்தி ஒன்றையும் பாடமாக எடுத்து, அதன் ஸனதைத் தேடப் பயிற்றுவிக்கவேண்டும். அத்தேடலை நம்மவர் அனுப்பிய செய்தியிலிருந்தே தொடங்குவது நலம்.