குரலாக மட்டும் வந்த மனிதர்: 'ஹேர்மனின் வீடு' ஆவணப்படம் பற்றி

படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த மகன் கேட்டான்: "வாப்பா, அந்த ஆள் படத்துல வரவே இல்லையே?"

சரியான கேள்விதான். அங்காட் சிங் பல்லா இயக்கிய 'ஹேர்மனின் வீடு' (2012) ஹேர்மன் வொலஸ் என்ற கைதியைப் பற்றியது. ஆனால் அவர் ஒரு தடவையேனும் கமெராவுக்கு முன் வந்து பேசுவதில்லை. தொலைபேசியில் வரும் குரல் மட்டுந்தான்.

வங்கிக் கொள்ளைக்காக அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள அங்கோலா சிறைக்குப் போனவர் வொலஸ். 1972இல் அங்கே காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். வொலஸும் அல்பேர்ட் வுட்பொக்ஸும் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். இருவரும் கடைசிவரை மறுத்தார்கள். அன்று தொடங்கிய தனிமைச் சிறை, ஒரு சிறிய இடைவெளி தவிர, வொலஸுக்கு 41 வருடங்கள் நீடித்தது. அறை ஆறடிக்கு ஒன்பதடி.

ஜாக்கி சுமெல் என்ற பெண் கலைஞர் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்கிறார்: இத்தனை காலம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிற நீங்கள் எப்படிப்பட்ட வீட்டைக் கனவு காண்கிறீர்கள்? வொலஸ் பதில் எழுதத் தொடங்குகிறார். நீச்சல் குளம் வேண்டும், அதன் அடியில் கருஞ்சிறுத்தையின் உருவம் வேண்டும். கடிதங்கள் வரைபடமாகி, மாதிரி வீடாகிக் கண்காட்சிக்குப் போகின்றன. கூடவே அதே அளவில் மரத்தால் செய்த சிறையறையும்.

படத்தில் குறை இல்லாமலில்லை. காணி தேடி அலையும் சுமெலின் கதை சில இடங்களில் வொலஸை மறைத்துவிடுகிறது. வழக்கின் வரலாறு தெரியாதவருக்குப் பல விடயங்கள் பிடிபடாது.

ஆனால் வழக்கை ஓரத்தில் வைத்ததில்தான் இந்தப் படத்தின் பலம் இருக்கிறது என்பேன். 'இவர் நிரபராதி, விடுங்கள்' என்று மட்டும் வாதாடியிருந்தால், உண்மையான குற்றவாளியை அப்படி அடைப்பது பரவாயில்லை என்றாகிவிடும். படம் கேட்பது வேறு: யாராக இருந்தாலும் மனிதனை இப்படி வைக்கலாமா?

யூஸுப் நபி (அலை) அவர்களின் சிறைவாசத்தை எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்! அந்தச் சிறையில் கூட இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். கனவைச் சொல்லவும் ஆள் இருந்தது, விளக்கவும் ஆள் இருந்தது. பிறகு அவர்களில் ஒருவர் மூலமாகத்தான் அரசனிடம் அவர்களின் பேச்சுப் போனது. தனிமைச் சிறை பறிப்பது இந்தச் சகவாசத்தைத்தான். வொலஸின் கனவைக் கேட்க வெளியிலிருந்து ஒருவர் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

படம் கதவைத் திறந்ததா? இல்லை. 2013 ஜூலையில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஒக்டோபர் முதலாம் திகதி நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றஞ்சாட்டிய ஜூரிகள் சபையில் பெண்களைச் சேர்க்கவில்லை என்பதே காரணம். ஈரல் புற்றுநோயோடு வெளியே வந்தவர் மூன்றே நாளில் மௌத்தானார். வுட்பொக்ஸ் 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 15 நாளுக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து தனிமையில் அடைக்கக்கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை மண்டேலா விதிகளில் ஏற்றுக்கொண்டது 2015இல்தான். எங்கே 15 நாள், எங்கே 41 வருடம்!

ஆகவே ஆவணப்படத்திடம் தீர்ப்பை எதிர்பார்க்கக்கூடாது. சிறைக்குப் போனவனைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிற நம்மைப் போன்றவர்களை, ஒரு கைதியின் குரலை ஒன்றேகால் மணித்தியாலம் கேட்க வைத்ததே பெரிய வேலை.

மகனிடம் சொன்னேன்: "அவர் வந்தார் மகன். நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க."